கேட்காமல் சேர்த்த தீவு

பெரிய நாடு ஒன்று சிறிய தீவைத் தன்னோடு இணைத்துக்கொள்ளலாமா? கிழக்குத் திமோர் மக்கள் 24 ஆண்டுகள் இரத்தம் சிந்தி இதற்குப் பதில் சொன்னார்கள். கோலாலம்பூர் அந்தப் பதிலை முதலில் விரட்டியது, பிறகு வரவேற்றது. இந்த இரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டிய கடமை மலேசியர்களாகிய நமக்கு இருக்கிறது.

2025 அக்டோபர் 26. கோலாலம்பூரில் கூடிய 47ஆவது ஆசியான் உச்சநிலை மாநாட்டில் கிழக்குத் திமோர், திமோர் லெஸ்தே என்ற பெயரில் பதினோராவது உறுப்பு நாடாகச் சேர்ந்தது. 2011இல் விண்ணப்பித்துவிட்டு 14 ஆண்டுகள் வாசலில் காத்திருந்த நாடு அது. அதன் சார்பில் வந்திருந்த பிரதமர் சனானா குஸ்மாவ், ஒரு காலத்தில் ஜக்கார்த்தாவின் சிப்பினாங் சிறையில் கைதியாக இருந்தவர். அன்று அவர் இந்தோனேசிய அதிபரோடு ஒரே வரிசையில் நின்றார்.

இதே கோலாலம்பூரில் 29 ஆண்டுகளுக்கு முன் நடந்ததை இன்றைய இளைஞர்களில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். 1996 நவம்பர் 9 அன்று, ஏசியா ஹோட்டலில், கிழக்குத் திமோர் பற்றிய ஆசிய பசிபிக் மாநாடு தொடங்கியது. பல நாடுகளிலிருந்து மனித உரிமை ஆர்வலர்கள் வந்திருந்தார்கள். திமோரின் ஆயர் பெலோவுக்கும் ஜோசே ராமோஸ் ஹோர்த்தாவுக்கும் நோபெல் அமைதிப் பரிசு அறிவிக்கப்பட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆளும் கூட்டணிக் கட்சிகளின் இளைஞர் பிரிவினர் அடங்கிய நூற்றுக்கணக்கானோர் கூட்டம் மண்டபத்துக்குள் புகுந்து மாநாட்டைக் கலைத்தது. காவல்துறை வந்தது. மாநாட்டுக்கு வந்தவர்களும் செய்தியாளர்களும் கைது செய்யப்பட்டார்கள். வெளிநாட்டினர் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

அன்று அந்த மண்டபத்தில் பேசவிருந்தது ஒரே விஷயம்தான்: ஒரு மக்களைக் கேட்காமல் அவர்களுடைய நிலத்தை இன்னொரு நாட்டோடு சேர்த்தது தவறு. அதைப் பேசவே இந்த நகரம் அனுமதிக்கவில்லை.

விழுங்கப்பட்ட கதை

கிழக்குத் திமோரின் பரப்பு சுமார் 15,000 சதுர கிலோமீட்டர். சிலாங்கூரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. திமோர் தீவின் மேற்குப் பாதி டச்சுக்காரர்களிடம் இருந்தது. அது பிறகு இந்தோனேசியாவுக்கு வந்தது. கிழக்குப் பாதி போர்த்துகல்லிடம் இருந்தது. 1974 ஏப்ரலில் லிஸ்பனில் சர்வாதிகாரம் கவிழ்ந்தது. புதிய அரசு காலனிகளை விட்டுப் போகத் தயாரானது. தலைநகர் டிலியில் கட்சிகள் முளைத்தன. உடனடிச் சுதந்திரம் கேட்டது ஃப்ரெட்டிலின். படிப்படியாகப் போகலாம் என்றது யூ.டி.டி. இந்தோனேசியாவோடு சேரலாம் என்றது அப்போடெட்டி. மூன்றில் மிகச் சிறிய கட்சி அதுதான்.

1975 ஆகஸ்டில் யூ.டி.டி. அதிகாரத்தைப் பிடிக்க முயன்று தோற்றது. சில வாரச் சண்டைக்குப் பின் ஃப்ரெட்டிலின் கை ஓங்கியது. நவம்பர் 28 அன்று அது சுதந்திரத்தை அறிவித்தது. ஒன்பது நாள்தான். டிசம்பர் 7 அன்று இந்தோனேசியப் படை டிலியில் இறங்கியது. அதற்கு முந்திய நாள் அமெரிக்க அதிபர் ஃபோர்டும் வெளியுறவு அமைச்சர் கிசிஞ்சரும் ஜக்கார்த்தாவில் இருந்தார்கள். இந்தோனேசிய அதிபர் சுஹார்த்தோ தம் எண்ணத்தைச் சொன்னபோது அவர்கள் தடுக்கவில்லை என்பதைப் பிற்காலத்தில் வெளியான அமெரிக்க ஆவணங்களே காட்டுகின்றன.

1976 மே மாதம் டிலியில் ஒரு 'மக்கள் பேரவை' கூட்டப்பட்டது. பொதுத்தேர்தல் நடக்கவில்லை, ஆக்கிரமிப்புப் படையின் பார்வையில் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள் கூடினார்கள். தங்களைச் சேர்த்துக்கொள்ளும்படி அவர்கள் ஜக்கார்த்தாவிடம் கேட்டதாக அறிவிக்கப்பட்டது. ஜூலை 17 அன்று கிழக்குத் திமோர் இந்தோனேசியாவின் 27ஆவது மாநிலம் ஆனது. ஐ.நா. இந்த இணைப்பை ஒருபோதும் ஏற்கவில்லை. படைகள் வெளியேற வேண்டும் என்று பாதுகாப்பு மன்றம் 1975 டிசம்பரிலும் 1976 ஏப்ரலிலும் தீர்மானம் போட்டது. தீர்மானங்கள் காகிதத்தோடு நின்றன.

பிறகு வந்தவை பசியும் போரும். மலைகளுக்கு ஓடியவர்கள் குண்டுவீச்சில் பயிரை இழந்தார்கள். சரணடைந்தவர்கள் முகாம்களில் பட்டினி கிடந்தார்கள். திமோரின் உண்மை ஆணையம் 2005இல் முடித்த அறிக்கையின்படி, 1974 முதல் 1999 வரை இந்த மோதலால் இறந்தவர்கள் குறைந்தது 1,02,800 பேர். அவர்களில் சுமார் 18,600 பேர் கொல்லப்பட்டவர்கள் அல்லது காணாமல் போனவர்கள். மீதிப் பேரைக் கொண்டுபோனது பசியும் நோயும். படையெடுப்புக்கு முன் அங்கிருந்த மக்கள் ஏழு லட்சத்தைத் தாண்டியிருக்கவில்லை.

நாம் எங்கே நின்றோம்?

1975 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை இந்தோனேசியாவின் இராணுவத் தலையீட்டைக் கண்டித்தபோது, எதிர்த்து வாக்களித்த சில நாடுகளில் மலேசியாவும் ஒன்று. இந்தியாவும் அதே பக்கம் நின்றது.

மலேசியாவின் பயம் புரியாதது அல்ல. 1963 முதல் 1966 வரை இந்தோனேசியா நம்மோடு மோதியிருந்தது. அந்தக் காயம் ஆறி, 1967இல் ஆசியான் உருவாகி எட்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. 1975 ஏப்ரலில் சைகோன் விழுந்திருந்தது. வீட்டு வாசலில் இன்னொரு கம்யூனிஸ்ட் நாடு வந்துவிடுமோ என்ற அச்சம் எல்லாத் தலைநகரங்களிலும் இருந்தது. அண்டை நாட்டு விவகாரத்தில் தலையிடுவதில்லை என்ற கொள்கை, கேள்வி கேட்பதிலிருந்து தப்பிக்க வசதியாகவும் இருந்தது. ஆனால் காரணம் புரிகிறது என்பதால் செயல் சரியாகிவிடாது. நம் அமைதிக்கு விலை கொடுத்தவர்கள் திமோர் மக்கள்.

இந்தியாவின் நிலை தமிழ் வாசகர்கள் மனத்தில் ஒரு கேள்வியை எழுப்பும். 1961 டிசம்பரில் கோவாவுக்குள் இந்தியா படையனுப்பி அதைத் தன்னோடு சேர்த்தது. அதுவும் போர்த்துகல்லின் காலனிதான். அது சரியென்றால் இது மட்டும் எப்படித் தவறு?

நேர்மையாகப் பார்க்க வேண்டிய கேள்வி இது. கோவாவை விட்டுப் போக மறுத்த ஓர் ஆட்சியை இந்தியா வெளியேற்றியது. அதற்கு முன் பதினான்கு ஆண்டுகள் பேச்சுக்கும் சத்தியாகிரகத்துக்கும் லிஸ்பன் செவி கொடுக்கவில்லை. 1975இல் திமோரிலோ போர்த்துகல் தானாகவே மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. விரட்டுவதற்கு அங்கே காலனி ஆட்சியே இல்லை. காலனிக்காரனை வெளியேற்றுவது ஒரு செயல், அங்கிருக்கும் மக்களின் எதிர்காலத்தை முடிவு செய்வது இன்னொரு செயல். இரண்டாவதற்கு அந்த மக்களைக் கேட்டாக வேண்டும். கோவாவிலும் அந்தக் குறை உண்டு. 1967 ஜனவரியில் நடந்த வாக்கெடுப்பில், மகாராஷ்டிரத்தோடு சேர்வதா, தனி ஒன்றியப் பிரதேசமாக இருப்பதா என்று மட்டுமே கோவா மக்கள் கேட்கப்பட்டார்கள். அந்த அளவு கேட்டதே கோவாவின் தனித்தன்மையைக் காப்பாற்றியது. அவர்கள் மகாராஷ்டிரத்தோடு சேர மறுத்தார்கள். திமோரில் அந்த அளவுகூடக் கேட்க 24 ஆண்டுகள் பிடித்தன.

வளர்ச்சி என்ற வாதம்

இணைப்பை ஆதரிப்பவர்கள் வழக்கமாகச் சொல்பவை மூன்று. சிறியது தனியாகப் பிழைக்காது என்பது ஒன்று. நிலமும் இனமும் ஒன்றுதானே என்பது இரண்டு. பெரிய நாட்டோடு சேர்ந்தால் சாலை, பள்ளி, மருத்துவமனை வரும் என்பது மூன்று.

மூன்றாவது வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. போர்த்துகல் நான்கு நூற்றாண்டுகளில் போடாத சாலைகளை இந்தோனேசியா இருபது ஆண்டுகளில் போட்டது. பள்ளிகளைத் திறந்தது. பாஹாசா இந்தோனேசியா தெரிந்த ஒரு தலைமுறையே உருவானது. ஆனால் 1991 நவம்பர் 12 அன்று டிலியின் சந்தா குரூஸ் கல்லறைத் தோட்டத்துக்கு ஊர்வலம் போய், படையினரின் துப்பாக்கிச் சூட்டில் விழுந்தவர்களில் பெரும்பாலோர் அந்தத் தலைமுறை இளைஞர்களே. சாலை போட்டுக் கொடுத்தவன் வீட்டைக் கேட்காமல் எடுத்துக்கொண்டால், சாலைக்காக எவரும் வீட்டை மறப்பதில்லை.

இரண்டாவது வாதம் எங்கும் சொல்லப்படுகிறது, எங்கும் பலவீனமானது. தீவின் இரு பாதிகளிலும் ஒரே மொழி பேசும் மக்கள் உண்டு என்பது உண்மை. ஆனால் நாடு என்பது கூடி வாழும் விருப்பத்தால் வருவது. மலாய்க்காரர்களும் சீனர்களும் தமிழர்களும் கடசான்களும் இபான்களும் ஒரு நாடாக வாழ்கிற மலேசியாவில் இதை விளக்கத் தேவையில்லை.

முதல் வாதத்துக்குப் பதில் 1999இல் வந்தது. அதற்கு முந்திய ஆண்டே சுஹார்த்தோ போய் ஹபீபி அதிபராகியிருந்தார். 1999 ஜனவரியில், சிறப்புத் தன்னாட்சியைத் திமோர் ஏற்காவிட்டால் பிரிந்து போகலாம் என்ற வழியை அவர் திறந்தார். ஆகஸ்ட் 30 அன்று ஐ.நா. மேற்பார்வையில் வாக்கெடுப்பு நடந்தது. ஆயுதக் குழுக்களின் மிரட்டலுக்கு நடுவே, பதிவு செய்தவர்களில் நூற்றுக்கு 98 பேருக்கு மேல் வந்து வாக்களித்தார்கள். தன்னாட்சியை ஏற்றவர்கள் 94,388 பேர். மறுத்தவர்கள் 3,44,580 பேர், அதாவது 78.5 விழுக்காடு.

முடிவு வெளியானதும் டிலி எரிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மேற்குத் திமோருக்குத் தள்ளப்பட்டனர். செப்டம்பர் 20 அன்று பன்னாட்டுப் படை இறங்கிய பிறகே தீ அணைந்தது. 2002 மே 20 அன்று திமோர் லெஸ்தே சுதந்திர நாடானது.

ஒரே மாதத்தில் இரண்டு தீவுகள்

இணைப்பு எப்போதுமே தவறா? இல்லை என்பதற்கு நம் பக்கத்துக் கடலிலேயே சான்று இருக்கிறது.

இந்தியப் பெருங்கடலில் உள்ள கோகோஸ் தீவுகள் ஒரு காலத்தில் சிங்கப்பூரோடு சேர்ந்து ஆளப்பட்டன. அங்கிருந்தவர்கள் பெரும்பாலும் மலாய் வம்சாவளியினர், கிளூனிஸ் ராஸ் குடும்பத்தின் தென்னந்தோப்புத் தொழிலாளர்கள். அவர்களில் பலர் 1950 வாக்கில் சபாவின் தாவாவ், லஹாட் டத்து பகுதிகளில் குடியேறினார்கள். அவர்கள் வம்சம் இன்று மலேசியர். தீவுகளை 1955இல் பிரிட்டன் ஆஸ்திரேலியாவுக்குக் கைமாற்றியது. அப்போது எவரையும் கேட்கவில்லை. ஆனால் 1984 ஏப்ரல் 6 அன்று, ஐ.நா. பார்வையாளர்கள் முன்னிலையில் தீவினர் கேட்கப்பட்டார்கள். சுதந்திரமா, ஆஸ்திரேலியாவோடு தளர்வான உறவா, முழு இணைப்பா என்று மூன்று வழிகளும் சீட்டில் இருந்தன. வாக்காளர்கள் 261 பேர். இணைப்புக்கு 229, தளர்வான உறவுக்கு 21, சுதந்திரத்துக்கு 9. பெரிய நாடு சிறிய தீவைச் சேர்த்துக்கொண்டது, அதில் யாரும் குறை காண முடியாது. சில பேருந்துகளில் அடங்கிவிடும் வாக்காளர்களைக்கூட முறைப்படி கேட்க முடியும் என்றால், லட்சக்கணக்கானோரைக் கேட்க நேரமில்லை என்று எந்த அரசும் சொல்ல முடியாது.

அதே மாதம் 16ஆம் தேதி, பத்தே நாள் கழித்து, லாபுவான் சபாவிடமிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசம் ஆனது. இது நாடு விட்டு நாடு போன கதை அல்ல, ஒரு நாட்டுக்குள் மாநிலம் விட்டுக் கூட்டரசுக்குப் போன கதை. அதைத் திமோரோடு ஒப்பிடுவது நியாயமில்லை. ஆனாலும் சபா முதலமைச்சர் ஹாரிஸ் சாலேயின் அரசும் கூட்டரசும் தாங்களே முடிவு செய்தன. லாபுவான் மக்களிடம் பொது வாக்கெடுப்பு நடக்கவில்லை. மறு ஆண்டுத் தேர்தலில் ஹாரிஸின் பெர்ஜெயா கட்சி ஆட்சியை இழந்தது. மக்களின் கோபத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் லாபுவானும் ஒன்று. நாற்பது ஆண்டுகள் கழிந்தும் சபாவில் அந்தப் பேச்சு முற்றிலும் ஓயவில்லை.

கேட்பதிலும் வகை உண்டு. 1962 செப்டம்பரில் சிங்கப்பூர் மக்களிடம் வைக்கப்பட்ட மூன்று வழிகளுமே மலேசியாவோடு சேரும் வழிகள். சேர வேண்டாம் என்ற கட்டமே சீட்டில் இல்லை. நான்கில் ஒருவர் வெற்றுச் சீட்டுப் போட்டார். அந்தத் திருமணம் 1965 ஆகஸ்ட் 9 அன்று முறிந்தது. முறிவுக்கு வேறு காரணங்களும் உண்டு; ஆனால் மறுப்புக்கு இடம் தராத கேள்வி உறுதியான அடித்தளம் ஆகாது. பசிபிக்கில் பிரான்சின் கையில் உள்ள நியூ கலிடோனியா 2018, 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை சுதந்திரம் வேண்டாம் என்றது. மூன்றாவது வாக்கெடுப்பைக் கனாக் பூர்வகுடியினர் பெருமளவில் புறக்கணித்தார்கள். அதனால் மூன்றாவது 'வேண்டாம்' முதல் இரண்டின் எடை இல்லாமல் போனது. ஹவாயை 1898இல் அமெரிக்கா இணைத்தபோது, அதற்கு முந்திய ஆண்டில் 21,000க்கும் மேற்பட்ட தீவினர் எதிர்த்துக் கையெழுத்திட்டிருந்தார்கள். அந்தத் தீவின் அரசைக் கவிழ்த்ததில் தனக்கிருந்த பங்குக்காக 1993இல் அமெரிக்க நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டது. கவிழ்த்து நூறு ஆண்டு கழித்து.

நம் காலடி நிலம்

இதெல்லாம் தூரத்துத் தீவுகளின் கதை என்று கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்கள் நினைக்க முடியாது. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் போகும் ஒவ்வொருவரும் கோத்தா டாருல் ஏசான் வளைவைக் கடக்கிறார்கள். 1974 பிப்ரவரி 1 அன்று சிலாங்கூர் தன் தலைநகரான கோலாலம்பூரைக் கூட்டரசுக்குக் கொடுத்ததன் நினைவாக எழுந்த வளைவு அது. கையெழுத்திட்டபோது சுல்தான் கண்கலங்கினார் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

அந்த எல்லைக்கோடு நம் வாக்குச்சீட்டில் தெரிகிறது. கிள்ளானில் இருப்பவர் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் வாக்களிக்கிறார். பிரிக்ஃபீல்ட்ஸில் இருப்பவருக்கு நாடாளுமன்ற வாக்கு மட்டும்தான். அவருக்குச் சட்டமன்றம் கிடையாது, மேயரான டத்தோ பண்டாரை நியமிப்பது அரசு. தலைநகரைக் கூட்டரசு நிர்வகிப்பதற்கு நல்ல காரணங்கள் இருந்திருக்கலாம். கோடு வரைந்தபோது அதற்குள் வாழ்ந்தவர்கள் தனியாகக் கேட்கப்படவில்லை என்பதும் உண்மை. ஐம்பது ஆண்டுகள் கழித்தும் அந்த இழப்பு ஈடு செய்யப்படவில்லை.

தமிழர்களுக்கு இதில் இன்னும் ஆழமான அனுபவம் உண்டு. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடினார்கள். மூன்று தலைமுறை பால் மரம் சீவிய குடும்பங்களுக்குத் தோட்டம் கைமாறிய செய்தி, லயத்துக் கதவைத் தட்டிய பிறகுதான் தெரிந்தது. அதற்கு எதிராக எழுந்ததுதான் துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். தொழிலாளர்கள் தங்கள் சிறு சேமிப்பைப் போட்டுத் தோட்டங்களைத் தாங்களே வாங்கினார்கள். இன்று பிரிக்ஃபீல்ட்ஸின் முதன்மைச் சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பின்னாளில் சீஃபீல்ட் போன்ற தோட்டங்கள் நகரங்களாக மாறியபோதும் இதே வேதனை திரும்பியது. நிலத்தோடு சேர்த்துத் தன்னையும் கைமாற்றினால் எப்படி இருக்கும் என்பதை நம் பாட்டன் பாட்டிகளிடம் கேட்டால் சொல்வார்கள். திமோர் மக்களின் குரல் யாருக்குப் புரிகிறதோ இல்லையோ, நமக்குப் புரிய வேண்டும்.

சுதந்திரம் சோறு போட்டதா?

திமோர் இன்று வளமான நாடல்ல. மக்கள் சுமார் 14 லட்சம். குழந்தைகளின் ஊட்டக்குறைவு தென்கிழக்காசியாவிலேயே மோசமான நிலைகளில் ஒன்று. அரசின் செலவு பெரும்பாலும் எண்ணெய், எரிவாயு வருமானத்தைச் சேமித்த பெட்ரோலிய நிதியை நம்பியிருக்கிறது. அந்த எண்ணெய், எரிவாயு வயல்கள் வற்றிவிட்டன. 2006இல் படையினருக்குள் மூண்ட மோதலில் தலைநகரே நிலைகுலைந்தது. அப்போது திமோர் அரசு உதவி கேட்டது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, போர்த்துகல் படைகளோடு மலேசியப் படையும் போனது. கேட்டபோது போய், வேலை முடிந்ததும் திரும்பி வந்த அந்தப் படையை நினைத்து நாம் பெருமைப்படலாம்.

இந்தக் கஷ்டங்களைக் காட்டி, பேசாமல் இந்தோனேசியாவோடு இருந்திருக்கலாமே என்பவர்கள் உண்டு. அப்படிச் சொல்லும் உரிமை திமோர்க்காரர்களுக்கு மட்டுமே உண்டு, அவர்கள் 1999இல் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்கள். ஏழ்மைக்கு மருந்து நல்ல ஆட்சியும் நல்ல வணிகமும். இன்னொருவரின் கொடி அல்ல. 2018இல் இந்தச் சிறிய நாடு ஆஸ்திரேலியாவோடு கடல் எல்லையை ஒப்பந்தத்தில் வரைந்தது. மியன்மார் இராணுவ ஆட்சியை எதிர்ப்பவர்களோடு பேசியதற்காக 2023இல் திமோரின் தூதரகப் பொறுப்பாளரை மியன்மார் வெளியேற்றியது. பெரிய அண்டை நாடுகள் தயங்கிய இடத்தில் சிறியது துணிந்து நின்றது.

மலேசியா செய்ய வேண்டியது

பெரிய நாடு சிறிய தீவைச் சேர்த்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: தீவினர் சுதந்திரமாக, பயமின்றி, மறுப்பதற்கும் வழியுள்ள ஒரு வாக்கெடுப்பில் ஆம் என்று சொன்னால் மட்டுமே சேர்க்கலாம். பரப்பளவு, வறுமை, வரலாறு, பாதுகாப்பு என்று எதைச் சொன்னாலும் அது அந்த வாக்கெடுப்புக்கு ஈடாகாது. கோகோஸில் 261 பேரைக் கேட்டார்கள், பிரச்சினை தீர்ந்தது. திமோரில் கேட்காமல் விட்டார்கள், ஒரு லட்சம் உயிர்கள் போயின.

பெரிய நாடுகள் அண்டை நிலங்களைப் பற்றி மீண்டும் உரக்கப் பேசும் காலம் இது. இந்தக் காலத்தில் மலேசியாவின் சொல்லுக்கு எடை வேண்டுமென்றால், முதலில் தன் பழைய கணக்கைத் தீர்க்க வேண்டும். 1975இல் ஐ.நா.வில் அளித்த வாக்கு தவறு என்றும், 1996இல் ஏசியா ஹோட்டலில் மாநாட்டைக் கலைத்ததும் அதற்கு வந்தவர்களைக் காவலில் வைத்ததும் தவறு என்றும் அரசு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அன்று கூட்டத்தைக் கலைக்கப் போன கட்சிகள் இன்றும் இருக்கின்றன. அவையும் சொல்ல வேண்டும். நம் பள்ளி வரலாற்றுப் பாடத்தில் ஆசியானின் தோற்றம் இருக்கிறது. அதன் பக்கத்தில் திமோரின் 24 ஆண்டுகளும் இடம்பெற வேண்டும். அண்டை நாட்டு விவகாரத்தில் தலையிடாமை என்ற கொள்கை, ஒரு மக்களை விழுங்குவதற்குத் திரையாகாது என்று ஆசியான் தன் விதிகளில் எழுத வேண்டும். திமோர் இப்போது அந்த மேசையில் உறுப்பினர். அது இதைக் கேட்டால், மலேசியா முதலில் கை தூக்க வேண்டும்.